மினி பைக்குக்கு ஆர்.சி. உண்டா, இல்லையா? எங்கள் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு போக்குவரத்துத் துறைக்கும் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும்:

முழங்கால் உயரம், கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும் 49 சிசி இன்ஜின். இந்தப் பாக்கெட் பைக்குகள் ஆன்லைனில் தாராளமாக விற்கின்றன. பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோர், ஆசைக்கு வைத்திருப்பவர்கள், இவை சீறும் தெருக்களில் நடந்து போகும் முதியோர் எல்லோரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். இந்த வண்டிகளுக்கு ஆர்.சி. கிடைக்குமா என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. சொல்ல வேண்டியவர்கள்தான் வாய் திறக்கவில்லை.

முதலில், அந்தப் பதிலைத் தமிழில் வெளியிடுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 25 சிசிக்கு மேற்பட்ட இன்ஜினோடு சாலைக்கு வரும் இருசக்கர வண்டி எவ்வளவு குட்டியாக இருந்தாலும் மோட்டார் வாகனம்தான். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் வேண்டும். ஆர்.சி. கிடைக்க, அந்த மாடல் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தேறியிருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 புகை விதியும் உண்டு. ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி வரும் வண்டி எங்கே தேறும்? ஆனால் உருவம் சிறியது என்பது தடையல்ல. ஹோண்டா நவியும் குட்டி வண்டிதான். சோதனை முடித்து வந்ததால் நம்பர் பிளேட்டோடு ஓடுகிறது. இவ்வளவையும் ஒரே தாளில் அச்சடித்து எல்லா ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் ஒட்ட ஒரு வாரம் போதாதா?

அடுத்து விற்பவர்கள். சோதனையில் தேறாத வண்டியின் விளம்பரம், பெட்டி, பில் மூன்றிலும் ‘பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது, பதிவு செய்ய முடியாது’ என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மறைத்து விற்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த அதிகாரம் இனியும் தூங்க வேண்டாம்.

பேட்டரி வண்டியில் வேறொரு சூது. 250 வாட்டுக்குள் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்று சோதனையில் உறுதியான வண்டிக்குப் பதிவு தேவையில்லை. ‘ஆர்.சி. வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்’ என்று சொல்லி விற்றுவிட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயரைக் கழற்றிக் கொடுத்தால் அந்தச் சலுகை அங்கேயே போய்விடுகிறது. சோதனைச் சான்றிதழைக் காட்டாமல் இவற்றை விற்கக் கூடாது. வயரைக் கழற்றும் கடையின் மீது வழக்குப் பதிய வேண்டும்.

பெற்றோரை மிகவும் ஏமாற்றுவது ‘49’ என்ற எண். 16 வயதானவர்கள் 50 சிசி வரை ஓட்ட லைசென்ஸ் பெறலாம் என்பது உண்மை. டி.வி.எஸ். 50 ஓடிய காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று அந்த விதியை நம்பிப் பாக்கெட் பைக் வாங்கினால் லைசென்ஸ் இருந்தும் குற்றம்தான், ஏனென்றால் வண்டிக்கு ஆர்.சி. இல்லை. லைசென்ஸ் இல்லாத சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அடிபட்டவர் நிலை இன்னும் மோசம். ஆர்.சி. இல்லாததால் இன்சூரன்ஸ் இல்லை. நஷ்டஈட்டுக்கு வண்டிக்காரரின் சொந்தப் பையைத்தான் நம்ப வேண்டும். இந்த விவரங்களைப் பள்ளி திறக்கும் மாதத்திலேயே பெற்றோர் கூட்டங்களில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

ஒழுங்காகப் பதிவு செய்ய விரும்புவோருக்கு வழி வேண்டும். விளக்கு, பிரேக், கண்ணாடி எல்லாம் பொருத்திய ஒற்றை வண்டியைக்கூடச் சோதித்து அனுமதிக்கும் முறை பிரிட்டனில் இருக்கிறது. நம் ஏற்பாடோ கம்பெனிகளை மனதில் வைத்து அமைந்தது. ஒரகடத்தில் வாகனச் சோதனை மையமே இருக்கிறது. தனி வண்டிகளுக்கு அங்கே நியாயமான கட்டணத்தில் சோதனை நடத்த ஒன்றிய அமைச்சகம் விதி வகுக்க வேண்டும்.

அதுவரை ஓட்ட இடம் கொடுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. அவற்றை நடத்துவோரிடம் பேசி மாதம் ஒரு நாளாவது சிறுவர்களுக்குத் திறந்துவிடச் செய்யுங்கள்.

முதல் இரண்டு கோரிக்கைகளுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை, சுற்றறிக்கை போதும். அது கோடை விடுமுறைக்கு முன்பே வர வேண்டும். எந்தத் தேதியில் வரும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.