சினை மாட்டின் ரத்தத்தை வைத்து கன்றின் எடையைச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மனிதர்களைவிட மாடுகள்தான் அதிகம். அங்குள்ள இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்கு கன்றுதான் வருமானம். கன்று ரொம்பப் பெருசா இருந்தால் ஈனும்போது சிக்கல். ரொம்பச் சிறுசா இருந்தால் குளிரில் பிழைப்பது கஷ்டம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை உதவுமா?

எதைப் பார்க்கிறார்கள்?

குளுக்கோஸ், யூரியா, கொழுப்பு அமிலங்கள். சினைக்காலம் சுமார் 283 நாட்கள். கரு வேகமாக எடை போடுவது கடைசி 3 மாதங்களில்தான். அப்போது தீவனம் பத்தவில்லை என்றால் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் ஏறும்.

அப்போ எடையைக் கணிக்கலாமா?

இதை மட்டும் வைத்து முடியாது. தாய் தான் மெலிந்தாவது கருவுக்குக் குளுக்கோஸ் அனுப்பும். அதனால் ரத்த அளவுகள் மோசமாக இருந்தும் கன்று சரியான எடையில் பிறக்கலாம். காளையின் மரபு, தாயின் வயது போன்றவைக்கும் எடையில் பெரிய பங்கு உண்டு.

தீவனத்தைக் குறைத்தால் பிரசவம் சுலபமாகுமா?

பண்ணையாளர்களிடம் இப்படி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. உண்மையில் கன்றின் எடை கொஞ்சம் குறையலாம். ஆனால் பிரசவச் சிக்கல் குறைவதில்லை. மெலிந்த மாட்டுக்கு முக்கவே தெம்பிருக்காது. சீம்பால் தரம் குறையும், அடுத்த சினையும் தள்ளிப்போகும்.

தீவனம் பத்துதா என்பதை ரத்தம் காட்டிவிடும். சின்னக் கன்று வேணும்னா, காளையைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு பண்ணணும்.