கோடரி ஒன்றுதான் வழியா?

உப்பளத்தில் மரம் கிடையாது. விடியுமுன் பாத்தியில் இறங்கும் என் தாய், வேலை முடிந்து சாலைக்கு வந்த பிறகுதான் நிழலைக் காண்கிறார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முதிய வேம்பு தரும் நிழல் அது. சென்ற ஆண்டு மழைக்காலத்துக்கு முன், மின்கம்பியில் உரசுகிறதென்று அம்மரத்தின் தலையை மொட்டையடித்துவிட்டார்கள். அடுத்த கோடை முழுவதும் உப்பளத் தொழிலாளர் வெயிலிலேயே பேருந்துக்குக் காத்திருந்தனர்.

கம்பியில் கிளை உரசக் கூடாது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. மனித உயிர் பெரிது. ஆனால், மொட்டையடிப்பதால் சிக்கல் தீர்கிறதா? நுனி மொட்டு போனால் பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும் என்பது தாவரவியல் மாணவர் அனைவரும் படித்த பாடம். கொத்துக் கொத்தாகக் கிளைகள் விரைந்து எழும்பும். அவை மரத்தோடு வலுவாகப் பிணைந்தவையல்ல, காற்றடித்தால் முறியும். வெட்டுவாயில் பூஞ்சை புகுந்து உட்கட்டை அழுகும். ஆகவே கோடரி மீண்டும் வரும்.

வேறு வழி உண்டு என்கிறது அறிவியல். நெற்பயிர் மிதமிஞ்சி நெட்டையாக வளர்வதற்கு ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926-இல் ஜப்பானிய அறிஞர் குரோசாவா காட்டினார். செல்களை நீளச் செய்யும் ஜிப்ரலினின் வரலாறு அங்கே தொடங்குகிறது. தாவரத்துக்குள் இந்த ஜிப்ரலின் உருவாவதைத் தடுப்பது பாக்லோபியூட்ரசால் என்னும் மருந்து. இதனால் மரம் சாவதில்லை; கணுவிடைகள் குறுகுகின்றன, இலைகள் கரும்பச்சையாகின்றன. அடிமரத்தைச் சுற்றி மண்ணில் ஒருமுறை ஊற்றினால் அதன் விளைவு சில ஆண்டுகள் நீடிக்கும். அமெரிக்காவில் மின்கம்பிக்கு அருகிலுள்ள மரங்களுக்கு இதை இடுகிறார்கள். நம் மா விவசாயிகளும் இதைக் ‘கல்டார்’ என்ற பெயரில் அறிவர். காய்ப்புக் குறையும் ஆண்டிலும் மாமரத்தைப் பூக்க வைக்க இடுகிறார்கள்.

அப்படியானால் எல்லா மரத்துக்கும் ஊற்றிவிடலாமா? கூடாது. அளவு மிஞ்சினால் மாவின் தளிர் குறுகிப் பூங்கொத்தும் சுருங்கிவிடும். மருந்து மண்ணிலும் நெடுநாள் தங்கும். கிணற்றருகிலோ காய்கறித் தோட்டத்தின் பக்கத்திலோ இதை ஊற்றலாகாது. வேரைச் சுற்றிச் சிமென்டு பூசிவிட்டு மருந்தை நம்புவதும் பேதைமை. தண்ணீரும் மண்ணும் இல்லாமல் சாகும் மரத்தை எந்த மருந்தும் பிழைக்க வைக்காது.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்துடன் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கப்பட்டது. கன்று நடுவது நற்பணியே. ஆனால் இன்று நடும் கன்று ஒரு பேருந்துக் கூட்டத்துக்கு நிழல் தர எத்தனை ஆண்டுகள் ஆகும்? இருக்கும் மரத்தைக் காப்பதும் மரம் வளர்ப்பதே அன்றோ?

பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். நம் வளாகத்தில் பத்து வேம்புகளைத் தேர்ந்தெடுப்போம். பத்துக்கும் முறையாகக் கிளை நறுக்குவோம். அவற்றுள் ஐந்துக்கு மட்டும், உரியவர்களின் ஒப்புதலோடு, அளவறிந்து மருந்திடுவோம். மூன்று ஆண்டுகள் தளிரின் நீளத்தை அளந்து எழுதி வைப்போம். நாங்கள் பட்டம் பெற்றுச் சென்ற பின் அடுத்து வரும் தம்பி தங்கையர் அளக்கட்டும். பயன் தெரிந்தால் ஊருக்குச் சொல்வோம். பயனில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்வோம்.

பாத்தியிலிருந்து கரையேறுபவர்க்குச் சாலையோரத்தில் ஒரு நிழலாவது மிஞ்ச வேண்டும். நாம் படித்த தாவரவியல் அதற்குக்கூட உதவாவிட்டால் வேறு எதற்கு உதவும்?

— இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் தாவரவியல்