வாடகைக் காரும் மேல்காப்புக் கட்டணமும்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூரிலிருந்து ஊர் செல்லும் நம்மவர் படும் பாடு யாவரும் அறிந்ததே. ரயிலில் இடம் எப்போதோ நிறைந்துவிடும். தனியார் பஸ் கட்டணமோ அந்நாட்களில் மனம் போனபடி ஏறும். ஆகவே, ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, ஓசூர் சாலை வழியே குடும்பத்துடன் தாமே ஓட்டிச் செல்வோர் தொகை பெருகி வருகிறது. ஜூம்கார் நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் இந்நகரில்தான் தன் தொழிலைத் தொடங்கியது. வேறு பலரும் இத்துறையில் இருக்கின்றனர்.

காரைப் பதிவு செய்யும்போது, பணம் செலுத்துவதற்குச் சற்று முன்னதாக ஒரு கேள்வி எழும்: “கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா? நாளொன்றுக்கு இத்தனை ரூபாய்.” இதை வாங்குவது விவேகமா, வீண் செலவா என்று அல்சூர் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். “காருக்குத்தான் ஏற்கெனவே இன்ஷியூரன்ஸ் இருக்கிறதே, மறுபடியும் எதற்கு?” என்பது அவருடைய ஐயம். நியாயமான ஐயமே. ஆனால் ஏற்கெனவே இருக்கும் இன்ஷியூரன்ஸ் யாரைக் காக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146 ஆம் பிரிவின்படி, எந்த வண்டியும் மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸ் இன்றிப் பொதுச் சாலையில் ஓடலாகாது. நம் கார் பிறர்மேல் மோதி உயிருக்கோ உடலுக்கோ கேடு விளைந்தால், நீதிமன்றம் விதிக்கும் நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுக்கும். அதற்கு வரம்பு இல்லை. பிறர் உடைமைக்கு நேரும் சேதத்திற்கு வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். இந்த மட்டில் வாடகைக்கு எடுத்தவர் நிம்மதியாக இருக்கலாம். குடித்துவிட்டு ஓட்டினாலோ, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினாலோ கதை வேறு. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடம் திரும்ப வசூலிக்க முனையும். வண்டிக்காரர் நம்மிடம் வருவார்.

காருக்கே நேரும் சேதத்தை ஏற்பது முழு இன்ஷியூரன்ஸ். அதுவும் முழுவதையும் ஏற்பதில்லை. 1500 சி.சி. வரையுள்ள காரானால் முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதானால் 2,000 ரூபாயும் உரிமையாளர் பொறுப்பு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பாட்டரிகளுக்கும் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். இன்றைய கார்களில் முன்னும் பின்னும் இருக்கும் பம்பர் பிளாஸ்டிக்தான் என்பதை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். தேய்மானம் கழிக்காத பாலிசி தனியே உண்டு. அதை வண்டிக்காரர் எடுத்திருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. இவ்வாறு விடுபடும் தொகை, கார் பழுது பார்க்கப்படும் நாட்களின் வாடகை நஷ்டம் எல்லாவற்றையும் நம்மிடம் பெற்றுக்கொள்ளத்தான் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவை எழுதி, முன்பணத்தையும் பிடித்து வைக்கிறார்கள்.

அவர்கள் விற்கும் ‘பாதுகாப்பு’ இந்த இடத்தில்தான் நுழைகிறது. இது பெரும்பாலும் இன்ஷியூரன்ஸே அன்று. இன்ன தொகைக்கு மேல் உம்மிடம் கேட்க மாட்டோம் என்று வண்டிக்காரர் தரும் வாக்குறுதி. அமெரிக்காவில் உள்ள நம் பிள்ளைகள் விமான நிலையத்தில் கார் எடுக்கையில் காணும் ‘சேத விலக்கு’ம் இந்த இனத்ததே. வாக்குறுதி என்பதால், அது எந்தச் சொற்களால் எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவே அதன் பலம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு, கட்டணம் நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று கொள்வோம். மூன்று நாள் பயணத்திற்கு 900. அது இல்லையேல் நம் பொறுப்பு 10,000 ரூபாய் வரை; இருந்தால் 1,000 வரை. அதாவது, அதிகம் போனால் 9,000 ரூபாயை மிச்சப்படுத்த 900 கொடுக்கிறோம். பத்துப் பயணத்தில் ஒன்றிலாவது அத்தனை பெரிய சேதம் செய்பவருக்கே இது கட்டும். அப்படிப்பட்டவர் கார் ஓட்டாதிருப்பதே குடும்பத்திற்கு நல்லது! பத்தாயிரம் போனால் வருத்தமே தவிரக் குடும்பம் தள்ளாடாது என்பவர் இந்தக் கட்டணத்தைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அதே பத்தாயிரம் குழந்தைகளின் பள்ளிக் கட்டணமாக இருந்தால், 900 கொடுத்து நிம்மதியை வாங்குவது தவறன்று. ஒப்பந்தத்தில் நம் பொறுப்புக்கு எல்லையே குறிப்பிடாமல், “சேதம் முழுவதும் வாடகைக்காரரைச் சேரும்” என்று இருக்குமாயின், கட்டணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒன்று வாங்குக, அன்றேல் வேறு காரைத் தேடுக. தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இரவில் ஓட்டுகிறவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வாங்குமுன் விலக்குகளைப் படித்தாக வேண்டும். டயர், அடிப்பாகம், கண்ணாடி, தொலைந்த சாவி ஆகியவை சேருமா? ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் என்ன ஆகும்? கிருஷ்ணகிரி தாண்டியதும், “அத்தான், கொஞ்சம் தூரம் நான் ஓட்டுகிறேன்” என்று மைத்துனர் ஸ்டியரிங்கைப் பிடிப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அந்தக் கொஞ்ச தூரத்தில் கட்டிய கட்டணம் முழுவதும் பயனற்றுப் போகக்கூடும்.

வெள்ளத்தைப் பற்றியும் கேளுங்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர்ப் பகுதிகளில் கார்கள் நீரில் மூழ்கியதை நாம் கண்டோம். நீர் புகுந்த எஞ்சினை மறுபடி கிளப்பினால் உள்ளே முறிவு நேரும். சாதாரண முழுப் பாலிசி அதைப் பின்விளைவு என்று ஒதுக்கிவிடும். எஞ்சின் காப்பு தனியே எடுத்திருந்தால்தான் பணம் வரும். நீரில் நின்றுவிட்ட காரைக் கிளப்பாமல் இழுத்துச் செல்வதே முறை.

இதுவரை சொன்னதெல்லாம் தகரத்தைப் பற்றியது. ஓட்டுகிறவருடைய உயிரைப் பற்றி அந்தக் கேள்வித்தாள் பெரும்பாலும் பேசுவதில்லை. நம் அன்பர் கேட்க மறந்த கேள்வியும் அதுவே.

கர்நாடகத்து இல்கல் ஊரை நம் பெண்மணிகள் சேலையால் அறிவார்கள். அங்கிருந்து ஒருவர் தம் சொந்த ஊர் செல்ல மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் புறப்பட்டார். முன்னே இரும்புத் தகடு ஏற்றிச் சென்ற மாட்டு வண்டி திடீரென நின்றது. அதில் மோதி இறந்தார். குடும்பத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009 ஆம் ஆண்டில் நீதிமன்றம் கூறியது யாதெனில்: வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், உரிமையாளரே தமக்குத்தாம் நஷ்ட ஈடு கொடுக்க முடியாதாகையால், அன்று நடைமுறையிலிருந்த 163-அ பிரிவின் கீழ் அக்குடும்பம் ஈடு கோர இயலாது. 2020 ஆம் ஆண்டில் வேறொரு வழக்கிலும் நீதிமன்றம் இதே வழியில் சென்றது. வாடகை என்பது இரவலினும் வேறுதான். எனினும் ஸ்டியரிங்கில் அமர்ந்தவர் ‘மூன்றாம் நபர்’ ஆகிவிடுவார் என்று நம்பி இருப்பது ஆபத்து.

“உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பு 15 லட்சம் உண்டே?” எனலாம். உண்டு, ஆனால் அது வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளருக்கு. உரிமையாளர் ஒரு கம்பெனியாக இருந்தால் அக்காப்பை வழங்குவதே இல்லை. வாடகைக்காரருக்கு அதில் பங்கு கிடையாது.

ஆகவே, வாடகைக் கட்டணத்தோடு நாள் கணக்கில் வாங்குவதைவிட, ஓட்டுகிறவர் தம் பெயரில் ஆண்டு முழுவதற்குமான தனி விபத்து பாலிசி எடுப்பதே மேல். எந்த வண்டியில் ஏறினாலும், நடந்து சென்றாலும் அது உடன் வரும். பாங்கில் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளோர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்குச் சேரலாம். விபத்தில் மரணம் நேர்ந்தால் 2 லட்சம். பெரிய தொகையன்று. ஆனாலும் இதில் சேராத குடும்பம் நம்மில் இருப்பது வியப்பே.

இன்னொன்று. “தெரிந்தவர் கார், வாடகை மலிவு” என்று வெள்ளைப் பலகை வண்டியை எடுப்போர் உண்டு. தனியார் கார் பாலிசியில், வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. விபத்து நேர்ந்து வாடகை விஷயம் வெளிப்பட்டால் கம்பெனி கைவிரிக்கும். முறைப்படி தாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, அதுவே அடையாளம். தமிழ்நாட்டு எல்லைக்கு உரிய பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்கின்றனவா என்பதை அத்திப்பள்ளியில் கேட்டு விழிப்பதைவிட, இங்கேயே கேட்டுவிடலாம்.

காரைப் பெறும்போது நான்கு புறமும், கூரை, டயர், மீட்டர் உட்பட, தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்துக்கொள்க. திருப்பித் தரும்போதும் அவ்வாறே, அவர்களுடைய ஆள் எதிரிலேயே எடுத்துக்கொண்டு, முன்பணம் கைக்கு வரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.