மா வீழ்ந்தது: ஒரு பெயர், இரண்டு வரைகலை அட்டைகள்

நீண்ட பதிவு. மொழியியல் ஆய்வாளருக்கு வரைகலை அட்டையோடு என்ன வழக்கு என்று கேட்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டலாம்.

“பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டியதுதானே?” சென்ற வாரம் என் துறை நண்பர் ஒருவர் கேட்டது இது. இந்தக் கேள்விக்குள் ஒரு மொழிக் கோட்பாடு ஒளிந்திருக்கிறது. சொல் மயங்கினால் பிழை கேட்பவனுடையது என்னும் கோட்பாடு. அதை நான் ஏற்கவில்லை.

நடந்தது எளிது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, அம்பர்நாத்திலிருந்து வண்டியேறி, லேமிங்டன் சாலையில் பழைய உதிரிகள் விற்கும் கடையொன்றில் ‘ஜிடிஎக்ஸ் 1060’ கேட்டேன். ‘ஜிடிஎக்ஸ் 1060’ கொடுத்தார்கள். பழைய அட்டைக்குப் பெட்டி ஏது? வீட்டில் பொருத்திப் பார்த்தபோதுதான் அது 3 ஜிபி என்று தெரிந்தது. நான் எண்ணிச் சென்றது 6 ஜிபி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நானும் தவறாகக் கேட்கவில்லை. பெயர்தான் எங்கள் இருவரையும் ஏமாற்றியது. (எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கல்வெட்டின் சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060. அந்த எண்ணுக்காவது இங்கே ஒரே பொருள்தான்.)

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். என்விடியா 2016 ஜூலையில் 6 ஜிபி அட்டையை வெளியிட்டது. அடுத்த மாதமே 3 ஜிபி வந்தது. அமெரிக்க விலை முறையே 249, 199 டாலர். இரண்டிலும் 192 இருமப் பாதை, நொடிக்கு 192 ஜிபி நினைவக வேகம், 120 வாட் மின்தேவை. இதுவரை பெயர் சொல்வது உண்மை. ஆனால் ‘கூடா கோர்’ எனப்படும் கணிப்புக் கருக்கள் 6 ஜிபி அட்டையில் 1280, 3 ஜிபி அட்டையில் 1152. நினைவகத்தோடு கணிப்புத்திறனிலும் பத்தில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, நினைவகத்தை மட்டும் அடைமொழியாக ஒட்டியிருக்கிறார்கள்.

‘செந்தாமரை’ என்பதில் ‘செம்மை’ பிறிதின் இயைபு நீக்கும் அடை என்று படித்திருக்கிறோம். வெண்டாமரையை விலக்குவது அதன் வேலை. நிறம் ஒன்றே வேறு, மற்றபடி இரண்டும் தாமரை என்பது அந்த அடை நமக்குத் தரும் உறுதி. செந்தாமரை என்று வாங்கியதில் இதழும் பத்தில் ஒன்று குறைந்திருந்தால் அதை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது? ‘3 ஜிபி’ என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தாலும் அந்த அடை பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கிறது. பெட்டியைப் படிக்கச் சொன்ன நண்பருக்கு என் முதல் மறுமொழி இதுவே.

இரண்டாவது மறுமொழி தொல்காப்பியத்தில் இருக்கிறது. கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என இரண்டாகப் பிரிக்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் வீழும், விலங்கும் வீழும். அவ்விடத்தில் சொல்பவன்தான் கருதிய பொருளை வெளிப்படையாக விளக்கிச் சொல்ல வேண்டும். ஊகித்து அறியும் சுமையை இலக்கணம் கேட்பவன் தலையில் வைக்கவில்லை.

2016இல் இவ்வட்டைகளை ஒப்பிட்டவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்திய வினை ‘விளையாடுதல்’. அன்றைய பல விளையாட்டுகள் இரண்டிலும் ஓடின. வேறுபாடு சிறிது என்று எழுதி முடித்தார்கள். அவர்கள் வினைக்கு ‘மா’ வேறுபடவில்லை. என் வினை வேறு.

தாராவியின் திருநெல்வேலித் தமிழை 38 மணி நேரம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதை எழுத்தாக்க 2022இல் வெளிவந்த ‘விஸ்பர்’ மாதிரியைப் பயன்படுத்துகிறேன். மும்பைத் தமிழர் வீட்டு அறையைக் ‘கோலி’ என்பார்கள், மராத்தியிலிருந்து வந்தது. ஒரு முதியவர் கோலிக்கு வாடகை கொடுத்த கதையைச் சொல்ல, இயந்திரம் ‘கோழிக்கு வாடகை’ என்று எழுதி வைத்தது. சிரித்துவிட்டேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் இப்படியென்றால் அது அம்மக்களின் பேச்சே அன்று. ஆகவே இவ்வழக்கைக் கொண்டு மாதிரியை மறுபயிற்சி செய்ய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். விஸ்பரின் ‘ஸ்மால்’ வடிவத்தில் 24.4 கோடி அளபுருக்கள். முழுத் துல்லியத்தில், வழக்கமான ‘ஆடம்’ முறையில் பயிற்றும்போது ஒவ்வோர் அளபுருவுக்கும் 16 பைட் தேவை: தனக்கு 4, சரிவுக்கு 4, முறை தன் நினைவில் வைத்திருக்கும் இரு சராசரிகளுக்கு 8. மொத்தம் 390 கோடி பைட். 3 ஜிபி என்பது 322 கோடி பைட். 6 ஜிபி 644 கோடி. ஓர் அட்டையில் பயிற்சி தொடங்கவே இடமில்லை; மற்றொன்றில் ஒலித்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் இடைநிலைக் கணக்குகளுக்கும் இடம் இருக்கிறது. இங்கே வினை வேறுபடுத்திவிட்டது: ஒரு மா பூத்தது, மற்றொன்று பூக்கவே பூக்காது.

‘லோரா’ போன்ற சுருக்க வழிகள் உண்டே என்பீர்கள். உண்டு, பயன்படுத்துகிறேன். ஆனால் முழுப் பயிற்சி செய்த ஒருவரின் பிழைவிகிதத்தோடு என் பிழைவிகிதத்தை ஒப்பிடுகையில், வேறுபாடு வழக்குத் தமிழால் வந்ததா, முறையால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். இருவர் கட்டுரையிலும் கருவி ‘ஜிடிஎக்ஸ் 1060’ என்றே இருக்கும்.

பத்தாண்டுப் பழைய பொருளுக்கு இவ்வளவு கூச்சலா என்பது அடுத்த கேள்வி. 2025இல் வந்த கூடா 13 இத்தலைமுறையைக் கைவிட்டது உண்மைதான். ஆயினும் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யும் மாணவர்கள் பலர். புதியதை வாங்க வசதியுள்ளவருக்கு இக்குழப்பம் ஒரு வேடிக்கைக் கதை. உதவித்தொகையில் வாழ்பவருக்கு அது ஓராண்டு வேலை.

குழப்பம் நிறுவனத்துக்குத் தெரியாமல் நேர்ந்ததும் அன்று. கணினி இவ்வட்டைகளை அடையாளம் காணும் எண்ணைப் பாருங்கள்: 6 ஜிபிக்கு 1சி03, 3 ஜிபிக்கு 1சி02. இயந்திரத்துக்கு இரண்டு பெயர், மனிதருக்கு ஒரு பெயர்! இதைவிட மோசமானது ஜிடி 1030. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தபோது வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்தது, வேகம் 16.8. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இங்கே இரண்டும் 2 ஜிபிதான் என்பதால் அந்த அரைகுறை அடையும் உதவாது.

2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என இரண்டை அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களில் 12 ஜிபியின் பெயர் சரியில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றது. அதன் விலை 899 டாலர். பெயர்ப் பிழையைத் திருத்த அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. 199 டாலர் அட்டைக்கும் அதற்கும் கீழான 1030க்கும் அந்த மரியாதை கிட்டவில்லை.

நிறுவனத்தைச் சாடி முடித்துவிட்டால் நமக்கு வசதி. ஆனால் ஆய்வேட்டில் ‘ஜிடிஎக்ஸ் 1060 பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதுபவர்கள் நாம். துறைக்குக் கருவி வாங்க விலைப்புள்ளி கேட்கும்போது பெயரை மட்டும் எழுதிவிட்டு மிகக் குறைந்த விலையை ஏற்பதும் நாம்தான். தகவலாளியின் வயது, ஊர், தொழில் மூன்றும் இல்லாத பேச்சுப் பதிவைத் திருப்பி அனுப்பும் நெறியாளர்கள், நினைவக அளவும் கருக்களின் எண்ணிக்கையும் இல்லாத கருவிக் குறிப்பை மட்டும் எப்படிக் கடந்து போகிறார்கள்?

நானும் விலக்கன்று. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் வரைவில் அதே சொற்றொடர்தான் இருந்தது. நேற்றிரவு ‘3 ஜிபி நினைவகம், 1152 கருக்கள், லோரா முறை’ என்று திருத்தினேன். அட்டை இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது. கோழிக்கு இன்னும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறது.