பவர் பத்திரத்தால் வீடு உங்களுடையதாகாது

"முழுப் பணமும் கொடுத்தாச்சு, பவர் பத்திரம் பதிவாச்சு, சாவியும் கையில். அப்புறம் கிரயம் எதற்கு?" என்று வாதாடுகிறார் நண்பர். முத்திரைத் தீர்வை மிச்சமாம். மிச்சம்தான், ஆனால் வாங்கியது எதை?

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 54ஆம் பிரிவைப் படிக்கட்டும். நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் பவர் வழி விற்பனையைப் பற்றி இதையே உடைத்துச் சொன்னது. பவர் என்பது உரிமையாளர் சார்பில் செயல்பட ஓர் அனுமதி. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் போச்சு. பிறகு வாரிசுகள் ஒவ்வொருவர் வீட்டுப் படியும் ஏற வேண்டும். (அவர்கள் நல்லவர்களாக இருந்தால்!)

53ஏ பிரிவு காப்பாற்றுமே என்கிறார். சுவாதீனத்தில் இருப்பவரை விற்றவர் வெளியேற்றாமல் அது தடுக்கும், உரிமையாளர் ஆக்காது. 2001 செப்டம்பருக்குப் பிந்தைய ஒப்பந்தம் என்றால், பதிவாகியிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பும்.

விற்றவர் உயிரோடு இருக்கும்போதே கிரயம் எழுதி வாங்கிவிடுங்கள்.