கொக்கி எங்கே இருக்க வேண்டும்?

நாம் பணிபுரியும் நிலையத்தில் எஞ்சின் மாறும் வண்டிகள் சில உண்டு. கப்ளிங்கைக் கழற்றுவர், வேறொரு எஞ்சின் வந்து பூட்டிக்கொள்ளும். உள்ளே உறங்கும் பயணி புரண்டுகூடப் படுப்பதில்லை. மென்பொருளுக்கும் அத்தகைய கப்ளிங் வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு, கணவரை இழந்த ஓர் அம்மையாரின் வாசலில் தலைகுனிந்து நின்றபோதுதான் அறிந்தோம்.

நம் காலனியின் சகாய நிதியை நேயர்கள் அறிவீர்கள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல அன்றே பணம் தருவது வழக்கம். சந்தா நிலுவை மூன்று மாதத்தைத் தாண்டியிருத்தல் கூடாது. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தோம். தரவுகளைச் சேமித்துத் தந்த கம்பெனி தன் சேவையை நிறுத்தவே, வேறிடத்துக்கு மாற்றினோம். பழைய களஞ்சியம் தேதியை நாள், மாதம் என்று தந்தது. புதியது மாதம், நாள் என்று தந்தது. அக்டோபர் 5இல் கட்டிய சந்தாவைப் புரோகிராம் மே 10 என்று படித்தது! கட்டியவர் நிலுவைக்காரர் ஆனார். நோட்டுகளைப் புரட்டி உண்மை தெளிந்து பணம் கொடுக்க நான்கு நாட்கள் ஆயின. அதற்குள் அவ்வம்மையார் கடன் வாங்கிப் புறப்பட்டுவிட்டார்.

தேதியைத் திருத்தினால் போதாதோ என்று வினவினோம். நிலுவை விதி ஏழு இடங்களில் எழுதப்பட்டு, ஏழும் களஞ்சியத்துக்குள் நேரே கைவிட்டுக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் அதைக் காட்டிவிட்டு, டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய கட்டுரையைச் சொன்னாள். வரிகளின் சொற்களைச் சுழற்றி அகரவரிசையில் அடுக்கும் சிறு புரோகிராம் ஒன்றை அவர் இரு விதமாகப் பிரித்துப் பார்த்தார். படித்தல், சுழற்றல், அடுக்கல், அச்சிடல் என்று வேலை நடக்கும் வரிசையில் பிரித்தபோது, வரிகளைச் சேமிக்கும் முறை மாறினால் எல்லாப் பகுதியிலும் கைவைக்க நேரும். அம்முறையை ஒரே பகுதிக்குள் மறைத்தபோதோ, அப்பகுதி ஒன்றே மாறும்.

அவள் நம் புரோகிராமை அவ்வாறே திருத்தினாள். விதி இப்போது ஓரிடத்தில் தனித்து நிற்கிறது, "இவர் கடைசியாகச் சந்தா கட்டிய நாள் எது?" என்று மட்டும் கேட்கிறது. களஞ்சியத்தின் மொழியைப் பெயர்த்து விடை தருவது வேறொரு பகுதியின் பாடு. இதனால், களஞ்சியமே இல்லாமல், கையால் எழுதிய பத்துப் பெயர்களைக் கொண்டு விதியைச் சோதிக்க முடிந்தது. மெட்ரிக்குலேஷனோடு நின்ற நாமே சோதித்தோம் என்றால் பாருங்கள். (ஒருமுறை ஓட்டிவிட்டு எறியும் புரோகிராமுக்கு இவ்வளவு ஏற்பாடு வீண் என்றும் அவள் சொன்னாள்.)

கட்டணம் உயர்ந்தமையால் இம்மாதம் களஞ்சியம் மீண்டும் மாறுகிறது. மாற்ற வேண்டிய பகுதி ஒன்றே. ஆயினும் பழைய நோட்டுகளை நாம் இன்னும் எடைக்குப் போடவில்லை.