மணிக்கட்டு மட்டும் போதுமா?

வீடியோ விளையாட்டின் வழி டென்னிஸ் கற்க முடியுமா? நிண்டெண்டோ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ‘வீ ஸ்போர்ட்ஸ்’ விளையாட்டில் இடம்பெற்ற டென்னிஸை வைத்தே என் கருத்தைச் சொல்கிறேன்.

அதன் நிறை எளிமை. பொத்தான்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. கையிலுள்ள ரிமோட்தான் மட்டை. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்த்திராத என் பாட்டியும் என்னோடு ஆடி வென்றிருக்கிறார். வீச்சு முந்தினால் பந்து ஒரு பக்கம் போகும். பிந்தினால் மறுபக்கம் போகும். நேரம் பார்த்து அடிக்கும் பழக்கத்தை அது நன்றாகவே கற்றுத் தருகிறது.

குறையும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. பந்தை நோக்கி ஓடுவது நாம் அல்ல, திரையிலுள்ள உருவம். நாற்காலியில் அமர்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் புள்ளி கிடைத்துவிடும். ஆட்டம் எப்போதும் இரட்டையர் ஆட்டம்தான். ‘செட்’ கணக்கும் இல்லை. இதில் தேறிவிட்ட மிதப்போடு பல்கலைக்கழக டென்னிஸ் திடலில் இறங்கினேன். கை தயாராக இருந்தது. கால்தான் பந்திடம் போய்ச் சேரவில்லை.

ஆகவே நண்பர்களே, பாட்டியோடு சிரித்து விளையாட அது அருமையான விளையாட்டு. டென்னிஸ் கற்க வேண்டுமென்றால், காலணியை மாட்டிக்கொண்டு திடலுக்கு வாருங்கள்!